மறியலில் உட்கார்ந்தது இருபது நிமிடம், பாஸ்போர்ட்டுக்கு அலைந்தது ஒரு வருடம்

2018 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, கையில் இருந்த வேதாகமத்தை வீட்டில் வைக்கக்கூட நேரமில்லாமல், அரசு மருத்துவமனைக்கு எதிரே ரோட்டில் போய் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் இருக்கும். அதற்கு நான் கொடுத்த விலை நான்கு வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. போனதற்கு இன்றும் வருத்தப்படவில்லை. ஆனால் போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய நாலைந்து விஷயங்களை எனக்கு யாருமே சொல்லவில்லை. எங்கள் வாலிபர் ஐக்கியக் கூட்டங்களில் வேதாகமத்தின் ஆமோஸ் தீர்க்கதரிசி புத்தகத்தைப் படித்திருக்கிறோம், நியாயம் தண்ணீரைப் போல் புரண்டு வர வேண்டும் என்று பாட்டே பாடியிருக்கிறோம். போலீஸ் வேனில் ஏற்றினால் என்ன கேட்க வேண்டும், கல்யாண மண்டபத்தில் கையெழுத்து வாங்குகிற தாள் என்ன தாள் என்று ஒரு நாளும் பேசியதில்லை. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவர் இயேசுதான். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அப்போது நான் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ், சபையில் வாலிபர் ஐக்கியச் செயலாளர். அந்த வெள்ளிக்கிழமை ஒரு லாட்ஜின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒருவர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கப் போன இன்னொருவரும் உள்ளேயே விழுந்தார். இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்கிற அந்த வாயு கொஞ்சமாக இருக்கும்போதுதான் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்குக்கு மணம் தெரிகிற சக்தியே போய்விடும், அடுத்த சில மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்றப் போகிறவரும் சேர்ந்து சாவது இதனால்தான். இதை வார்டில் படித்த பாடமாகத் தெரிந்து வைத்திருந்தேன். தூக்கப் போய் இறந்தவர் எங்கள் சபைக்காரர், பின் வரிசையில் தூண் ஓரமாக உட்காருகிற ஒரு அண்ணன். பத்து வருடமாக ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்திருக்கிறோம். அவர் வீடு எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. விசாரித்துத்தான் போனேன். அந்த வெட்கம்தான் என்னை ரோட்டுக்குக் கொண்டு போனது என்று இப்போது நினைக்கிறேன், பிரசங்கம் எதுவும் இல்லை.

பிணவறை வாசலில் அண்ணி இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற ஒருவர், 'இவங்க கிறிஸ்டியன், எஸ்.சி. சர்டிபிகேட் கிடையாது, ஒரு பைசா வராது. பேசாம பாடிய வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க' என்றார். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை, பாதி விஷயம் தெரிந்து சொன்னார். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும். பிறகு 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. அதே தெருவில், அதே வேலையைச் செய்தாலும், ஞானஸ்நானம் எடுத்தவருக்கு தமிழ்நாட்டில் பி.சி. சான்றிதழ்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நிவாரணமும் அவருக்குக் கிடையாது. இதுவரை அந்த மனிதர் சொன்னது சரி. ஆனால் செப்டிக் டேங்க், சாக்கடைச் சாவுக்கான இழப்பீடு வேறு கணக்கு. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், 1993க்குப் பிறகு இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதில் சாதியும் இல்லை, மதமும் இல்லை. கோலார் தங்க வயலில் பிறந்த பெஜவாடா வில்சனும் அவருடைய சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் என்கிற துப்புரவுத் தொழிலாளர் இயக்கமும் பத்து வருடத்துக்கு மேல் போராடி வாங்கிய தீர்ப்பு அது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்திவிட்டார்கள். உங்கள் ஊரில் இப்படி ஒரு சாவு நடந்தால், முதலில் அந்தத் தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே 2013ஆம் ஆண்டு கையால் மலம் அள்ளும் வேலைத் தடைச் சட்டத்தின் 7, 9 பிரிவுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதே குற்றம் என்று சொல்கிற பிரிவுகள் அவை. எங்களிடம் அன்றைக்கு ஒரு தாளும் இல்லை, கோபம் மட்டும் இருந்தது.

சந்தேக மரணம் என்று மட்டும் பதிவு செய்திருந்தார்கள். லாட்ஜ் உரிமையாளர் மேல் அந்தச் சட்டப்படி வழக்குப் போடும் வரை உடலை வாங்க மாட்டோம் என்று இரண்டு குடும்பமும் நின்றது. ஞாயிறு மதியம் மறியல். நாங்கள் நாற்பது பேர் இருப்போம், பாதிக்கு மேல் துப்புரவு வேலை செய்கிற பெண்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை, கல் எறியவில்லை. ஒரு ஆம்புலன்ஸ் வந்தபோது நாங்களே எழுந்து வழிவிட்டோம். பிறகு வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கினார்கள். பெயர், அப்பா பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் எழுதி, ஒரு தாளில் வரிசையாகக் கையெழுத்து வாங்கினார்கள். எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். ஆறு மணிக்கு விட்டுவிட்டார்கள். பேருக்குப் பிடிப்பார்கள், சாயங்காலம் விடுவார்கள், அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அன்றிரவே லாட்ஜ் உரிமையாளர் மேல் வழக்குப் பிரிவை மாற்றிவிட்டார்கள், திங்கட்கிழமை உடலை வாங்கினோம். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் தூங்கினேன்.

முதல் தவறு அந்த மண்டபத்தில் நடந்தது. கையெழுத்துப் போட்ட தாளில் மேலே என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. முன்னெச்சரிக்கையாகப் பிடித்து விடுவது ஒன்று, எஃப்.ஐ.ஆர். போட்டு சொந்த ஜாமீனில் விடுவது வேறொன்று. இரண்டிலும் சாயங்காலம் வீட்டுக்குத்தான் வருவீர்கள், அதனால் வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 'எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறீர்களா, எந்த ஸ்டேஷன், நம்பர் என்ன' என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பயப்பட வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2016ல் சொன்னபடி எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும், சில வகை வழக்குகளுக்கு மட்டும்தான் விலக்கு. தமிழ்நாடு காவல் துறையின் பக்கத்தில் மாவட்டம், ஸ்டேஷன், வருடம் கொடுத்துத் தேடலாம். ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை தேடிப் பாருங்கள். அப்புறம், உங்களோடு வேனில் ஏறியவர்கள் எல்லாருடைய பெயரையும் போன் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இது எவ்வளவு முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறு சபையில் நடந்தது மறியலைவிடக் கஷ்டமாக இருந்தது. என் போட்டோ பேப்பரில் வந்திருந்தது. கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர், 'ரோமர் பதிமூணாம் அதிகாரம் படிச்சதில்லையாம்மா, அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும்' என்றார். இன்னொருவர், சபைப் பெயரை ரோட்டுக்கு இழுத்துவிட்டேன் என்றார். வாலிபர் ஐக்கியப் பேனரை நாங்கள் கொண்டு போகவே இல்லை, அதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. எங்கள் ஆயர் ஐயா அந்த வீட்டுக்குப் போய் ஜெபித்துவிட்டு வந்தவர், அடக்க ஆராதனையில் கண் கலங்கினவர். ஆனால் கமிட்டியில் வாய் திறக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, 'கொஞ்ச நாள் பொறுப்புல இருந்து ஒதுங்கிக்கோம்மா' என்றார். ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கோயிலுக்குப் போகவில்லை. பாட்டுப் புஸ்தகத்தைத் திறந்தாலே எரிச்சல் வந்தது. என்னைத் திரும்பக் கூட்டி வந்தது எனக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த டீச்சரம்மா. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டுக்கு வந்து, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த இருநூறு ரூபாயை என் கையில் வைத்து, 'அந்தப் பிள்ளைங்க ஸ்கூலுக்கு என்ன வேணும்னு பாரு, நான் மாசாமாசம் தரேன்' என்றார். அவ்வளவுதான் சொன்னார். சபை என்றால் கமிட்டி மட்டும் இல்லை என்று அன்று எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் இப்படி நடந்தால், வெளியேறுவதற்கு முன் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். நாம் அவர்களைக் கண்டுபிடிப்பதற்கு முன் அவர்கள் நம்மைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

10 லட்சம் வர பதினான்கு மாதம் ஆனது. கலெக்டர் ஆபீஸுக்கு எத்தனை தடவை மனுக் கொடுத்தோம் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது வாங்கிக் கோப்பில் வைத்ததுதான் கடைசியில் உதவியது. 2020 ஜனவரியில் அண்ணி கணக்கில் பணம் ஏறியது. மார்ச்சில் ஊரடங்கு. கொரோனா வார்டு வேலையில் நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். வாடகை வீடும் மாறினோம். 2021 ஜூலை 5 அன்று, பழங்குடி மக்களுக்காகப் போராடிக் கைதான பாதிரியார் ஸ்டேன் சுவாமி ஃபாதர் காவலில் இருந்தபடியே மும்பையில் இறந்த செய்தி வந்தபோது டியூட்டி அறையில் உட்கார்ந்து அழுதேன். திருச்சிப் பக்கத்து மனிதர், 84 வயது, பார்க்கின்சன் நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சு குழாய் கேட்டவர். என் மேலும் ஒரு வழக்கு இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. அவர் பட்டதோடு என்னுடையதை ஒப்பிடவே கூடாது. அந்த நாள் அடிக்கடி நினைவுக்கு வருகிறது, அதனால் சொல்கிறேன்.

2022 பிப்ரவரியில் ஓ.இ.டி. என்கிற நர்ஸுகளுக்கான ஆங்கிலத் தேர்வை எழுதித் தேறினேன். தேர்வுக் கட்டணம் மட்டும் சுமார் 32,000 ரூபாய், நகையை வைத்துக் கட்டியது. மே மாதம் பிரிட்டனில் ஒரு மருத்துவமனை நேர்காணலில் தேர்ந்தெடுத்தது. ஆண்டுக்கு 27,000 பவுண்டு சம்பளம். எனக்கு அப்போது மாதம் 18,000 ரூபாய், அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருந்த நேரம். 2012ல் எடுத்த பாஸ்போர்ட் ஆகஸ்ட்டில் முடிகிறது என்று ஜூனில் புதுப்பிக்கப் போட்டேன். விண்ணப்பத்தில், உங்கள் மேல் குற்ற வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டேன். மனசாட்சிக்கு விரோதமாகப் போடவில்லை, எனக்குத் தெரிந்தது அதுதான். ஜூலையில் ஸ்டேஷனில் இருந்து போன் வந்தது. 'மேடம், 2018ல உங்க மேல கேஸ் இருக்கு. கோர்ட்டுல சார்ஜ் ஷீட்டும் போட்டாச்சு. உங்களுக்கு சம்மன் வரலையா?' கை நடுங்கி போனை வைத்துவிட்டேன். சம்மன் பழைய வீட்டு விலாசத்துக்குப் போயிருக்கிறது. இரண்டு வாரத்தில் பாஸ்போர்ட் அலுவலகக் கடிதம்: வழக்கை மறைத்ததற்கு விளக்கம் தேவை.

கோர்ட் வழக்கு இருக்கிறதா என்று பார்க்க ஈ-கோர்ட்ஸ் செயலி போதும், இலவசம்தான். பெயரை மட்டும் போட்டுத் தேடினால் கிடைக்காமல் போகலாம். என் அப்பா பெயரை எழுத்துப் பிழையோடு பதிந்திருந்தார்கள், என் பெயரிலும் ஒரு எழுத்து விட்டுப் போயிருந்தது. எஃப்.ஐ.ஆர். நம்பரையும் வருடத்தையும் போட்டுத் தேடியபோதுதான் வந்தது. மொத்தம் 23 பேர் பெயர். மறியலுக்கு ஒரு தடவையாவது போனவர் யாராக இருந்தாலும், பாஸ்போர்ட்டோ அரசு வேலை விண்ணப்பமோ போடுவதற்கு முன் இந்தத் தேடலைச் செய்துவிடுங்கள். வழக்கு இருப்பதைவிட மறைத்ததாக எழுதுவதுதான் பெரிய தலைவலி.

முதலில் போன வக்கீல் 5,000 வாங்கிக்கொண்டு, 'இது ஒண்ணுமே இல்லம்மா. அடுத்த வாய்தாவுல குற்றத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிருங்க, அறுநூறு எழுநூறுதான் வரும், அன்னைக்கே முடிஞ்சிரும்' என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாய்தாத் தேதியும் குறித்துவிட்டோம். முந்தின நாள் என்னோடு வேலை பார்க்கும் ஒரு சிஸ்டரின் அக்கா, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வக்கீல், போனில் கேட்டுவிட்டுக் கத்தினார். 'ஒத்துக்கிட்டா அது தண்டனை. ஆயுசுக்கும் ரெக்கார்டுல நிக்கும். விசா ஃபாரத்துலயும் கேப்பான், அங்கே நர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷன்லயும் கேப்பான். நீ என்ன தப்பு பண்ணினன்னு ஒத்துக்கப் போற?' அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை நிறுத்தியது. செத்தவருக்காக ரோட்டில் உட்கார்ந்தது குற்றம் என்று ஒரு நீதிபதி முன்னால் என் வாயால் சொல்லப் போயிருந்தேன். சின்ன ஃபைன்தானே என்று யார் சொன்னாலும், இன்னொரு வக்கீலிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அக்கா காகிதங்களை வாங்கிப் பார்த்தார். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 143, 341, 188 என்று மூன்று பிரிவு: சட்டவிரோதமாகக் கூடியது, வழி மறித்தது, அரசு ஊழியர் உத்தரவை மீறியது. மூன்றுக்குமே அதிகபட்சம் ஆறு மாதம் வரைதான் தண்டனை. இந்த மாதிரிச் சின்னக் குற்றங்களுக்கு ஒரு வருடத்துக்குள் கோர்ட் வழக்கை எடுத்திருக்க வேண்டும் என்று குற்ற நடைமுறைச் சட்டத்தின் 468ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் சார்ஜ் ஷீட் 2020 பிப்ரவரியில், பதினைந்து மாதம் கழித்துப் போட்டது. 188ஐப் பொறுத்தவரை போலீஸே எஃப்.ஐ.ஆர். போட முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி நேராக மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் புகார் தர வேண்டும் என்று 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் என்பவர் வழக்கில் மதுரைக் கிளையே சொல்லியிருக்கிறது. எங்கள் மறியலுக்கு இரண்டு மாதம் முன்பு வந்த தீர்ப்பு! ஆக இரண்டு வழி இருந்தது. ஒன்று, வழக்கு நடக்கிற கோர்ட்டிலேயே அனுமதி வாங்கி பாஸ்போர்ட் எடுப்பது. 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கை அதற்கு இடம் தருகிறது, ஆனால் கோர்ட் காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருட பாஸ்போர்ட்தான் கிடைக்கும். பிரிட்டன் மருத்துவமனை அது போதாது என்று எழுதிவிட்டது. இன்னொன்று, உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கேட்பது. குவாஷ் என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான்.

இங்கேதான் அக்கா ஒரு கேள்வி கேட்டார். 'உனக்கு மட்டும் போடவா, இல்ல எல்லாருக்குமா? உனக்கு மட்டும்னா நாளைக்கே ஃபைல் பண்றேன். எல்லாருக்கும்னா எல்லார் கையெழுத்தும் ஆதாரும் வேணும்.' மருத்துவமனை டிசம்பர் வரை அவகாசம் கொடுத்திருந்தது. தனியாகப் போட்டால் அதற்குள் முடிய வாய்ப்பு இருந்தது. அன்றிரவு என் ஜெபம் ஜெபமாகவே இல்லை, சண்டையாக இருந்தது. நான் உமக்காகத்தானே போனேன், எனக்கு ஏன் இது என்று கேட்டேன். அப்பா பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார். இருட்டில் அவராகவே, 'அந்தப் பொம்பளைங்களுக்கும் சம்மன் வந்திருக்கும்ல?' என்றார். வந்திருந்தது. விசாரித்தபோது நாலு பேருக்குப் பிடிவாரண்டே இருந்தது. வாய்தாவுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று போகாமல் விட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட் தேவைப்படாததால் யாரும் அதைப் பற்றி அழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எல்லாருக்கும் சேர்த்தே போடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். சமாதானத்தோடு சொன்னேன் என்று பொய் சொல்ல மாட்டேன், அழுதுகொண்டே சொன்னேன்.

23 பேரில் ஒருவர் கொரோனாவில் இறந்திருந்தார். மீதி எல்லாரையும் தேடிக் கையெழுத்து வாங்க ஏழு வாரம் ஆனது. ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனியில், இரண்டு பேர் கேரளாவில் கட்டட வேலையில். நோட்டில் பெயரும் நம்பரும் எழுதி வையுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். அக்டோபரில் மனுப் போட்டோம். டிசம்பர் முடிந்தது, பிரிட்டன் வேலை போனது. மருத்துவமனை அனுப்பிய மரியாதையான மின்னஞ்சலை அப்பாவிடம் காட்டவில்லை. 2023 மார்ச்சில் நீதிபதி எல்லார் மேலும் இருந்த வழக்கை ரத்து செய்தார். கோர்ட்டில் எங்கள் முறை வந்து முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. விளக்கக் கடிதம் கொடுத்து, மறுபடி விண்ணப்பித்து, ஜூனில் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. ஓ.இ.டி. மதிப்பெண்ணை அங்கே இரண்டு வருடத்துக்குத்தான் எடுத்துக்கொள்வார்கள். 2024 பிப்ரவரிக்குள் வேறு இடம் கிடைக்கவில்லை, அந்த 32,000மும் போனது. முதல் வக்கீல் 5,000. குவாஷ் மனுச் செலவில் என் பங்கு 12,000, மற்றவர்கள் முடிந்ததைக் கொடுத்தார்கள், அக்கா தனக்கென்று எதுவும் எடுக்கவில்லை. மதுரைக்கு ஒன்பது தடவை போய் வந்ததில் பஸ்ஸும் சம்பளப் பிடித்தமுமாக 9,000. நகல்கள் 2,500, பாஸ்போர்ட் கட்டணம் இரண்டு தடவையாக 3,000. மொத்தம் 63,500. கிடைக்காமல் போன சம்பளத்தை இதில் சேர்க்கவில்லை, சேர்த்துப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

இதில் வக்கீலுக்கும் மனுவுக்கும் ஆன செலவைச் செய்திருக்கவே வேண்டாம் என்று பின்னால் தெரிந்தது. இலவசச் சட்ட உதவி பெற, பெண்ணாக இருந்தாலே போதும், வருமானக் கணக்கே கேட்க மாட்டார்கள். மாவட்டக் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம், உயர் நீதிமன்றத்திலும் அதற்கென்று குழு உண்டு. இன்னொன்று, 2024 ஜூலை 1 முதல் சட்டமும் எண்களும் மாறிவிட்டன. 143 இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தில் 189(2), 341 என்பது 126(2), 188 என்பது 223. ஒரு வருடக் காலவரம்பு புதிய நடைமுறைச் சட்டத்தில் 514ஆம் பிரிவு. பழைய எண்ணை வைத்துத் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வீடு மாறினால் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் புது விலாசத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சபைகளிடம் ஒன்று கேட்க ஆசை. மிஷனரி ஊழியத்துக்குக் காணிக்கை எடுக்கிறோம், கட்டட நிதிக்கு எடுக்கிறோம். நீதிக்காகப் போய் வழக்கில் மாட்டுகிறவர்களுக்கென்று வருடத்தில் ஒரே ஒரு ஞாயிறு காணிக்கையை ஒதுக்கி வைத்தால் என்ன? சபையில் வக்கீல்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற கோர்ட் ஊழியர்கள் இருக்கிறார்கள். எங்கள் சேகரத்துக்கு இப்போது புது ஆயர் வந்திருக்கிறார், அவரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். யோசிக்கலாம் என்றிருக்கிறார். பழைய ஆயர் ஐயா மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவர் பயந்தார், நானும் அன்றிரவு பயந்து கிட்டத்தட்டத் தனியாகக் கையெழுத்துப் போட இருந்தேன். ஆனால் அன்று கமிட்டியில் அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால், வாலிபர்களில் யாராவது ஒருவர் எங்களோடு கடைசி வரை நின்றிருப்பார்கள் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

ஆகஸ்ட் 10ஐத் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள், 1950 ஆணை வந்த நாள் என்பதால். இந்த வருடம் எங்கள் ஊரிலும் ஆர்ப்பாட்டம் வைக்க வேண்டும் என்று வாலிபர்கள் வந்து கேட்டார்கள், அந்த அண்ணனின் மூத்த மகளும் அவர்களில் ஒருத்தி. என் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, ஒரு வாரம் முன்பே ஸ்டேஷனில் அனுமதிக் கடிதம் கொடுப்பது, அதன் நகலில் சீல் வாங்குவது, இடமும் நேரமும் தெளிவாக எழுதுவது, அக்காவின் நம்பரை எல்லார் போனிலும் பதிவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அரசு வேலைக்குத் தேர்வு எழுதுகிற இரண்டு பையன்களிடம் விளைவுகளை மறைக்காமல் சொல்லி, வீட்டில் பேசிவிட்டு வரச் சொன்னேன். ஒருவன் வரவில்லை என்றான். அவனைத் தண்ணீர், சாப்பாடு ஏற்பாட்டுக்குப் போட்டோம். நான் மறுபடி ஓ.இ.டி.க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், இந்த நேரத்தில் ஆர்ப்பாட்டம் தேவையா என்று அம்மா கேட்டார். அனுமதிக் கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. என் பெயரையும் அப்பா பெயரையும் எழுத்துப் பிழை இல்லாமல் நானே எழுதினேன்.